அம்மா மேடைக்கு மேடை சொன்ன கதை

என் அம்மாவைப் பற்றி உயர்வாகப் பேசுகிறவர்கள் பினாங்கில் இன்றும் நிறைய இருக்கிறார்கள். பாசாரில் காய் பொறுக்கிக்கொண்டிருக்கும்போது யாராவது ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொள்வாள். "உங்கம்மா பேச்சக் கேட்டுத்தான் என் மவன் படிச்சான்" என்பாள். நானும் சிரித்துவைப்பேன். அந்தப் பேச்சில் பாதி என்னைப் பற்றியது. நான் நாலாம் வகுப்பில் சீருடையிலேயே சிறுநீர் கழித்த கதை அது. அவளுக்கும் அது தெரியும், எனக்கும் தெரியும். கையைப் பிடிக்கும்போதே அவள் கண்ணில் ஒரு இளக்கம் வந்துவிடும். அந்த இளக்கத்தை நான் வெறுக்கிறேன்.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். இத்தனை பேர் அம்மாவின் வாயால் கேட்டுவிட்டார்கள், என் வாயால் ஒரு முறையாவது வரட்டும்.

எனக்கு அப்போது பத்து வயது. தமிழ்ப்பள்ளியில் ஒவ்வொருவராக எழுந்து நின்று பாடத்தை வாசிக்க வேண்டும். என் முறை வந்தது. பாடம் எனக்கு மனப்பாடமாகவே தெரியும். ஆனால் குரல் வரவில்லை. டீச்சர் ரோத்தான் பிரம்பை மேசையில் தட்டி, "வாசி" என்றார். வரவில்லை. "வாசிக்காம உக்கார முடியாது" என்றார். நான் நின்றுகொண்டே இருந்தேன். காலில் சூடாக இறங்கியது. பக்கத்தில் இருந்த பெண் தன் கால் இரண்டையும் பெஞ்சின்மேல் தூக்கிக்கொண்டாள்.

சாயங்காலம் அம்மாவிடம் சொன்னேன். அவளிடம் மட்டும்தான் சொன்னேன். அப்பாவிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அம்மா என் நீலப் பினாபோர் சீருடையைக் குளியலறைக்கு எடுத்துப்போய்த் துவைத்தாள். கொடியில் போட்டுவிட்டு வந்து, "யார்கிட்டயும் சொல்லிக்காத. நானும் சொல்ல மாட்டேன்" என்றாள். அவள்மேல் எனக்கு அன்றைக்கு இருந்த பிரியம் பிறகு எப்போதும் இருந்ததில்லை.

அந்தக் காலத்து அம்மா வேறு ஆள். நாங்கள் சுங்கை பினாங் பக்கத்தில் ஒரு பிளாட்டில் இருந்தோம். அம்மாவுக்குப் பாயான் லெப்பாஸில் எலக்ட்ரானிக் பெக்டரியில் வேலை. நாள் முழுக்க மைக்ராஸ்கோப்புக்குள் குனிந்து, தலைமுடியைவிட மெல்லிய கம்பிகளை ஒட்டுகிற வேலை. சூப்பர்வைசர் மலாயில் ஏதாவது கேட்டால் தலையை ஆட்டுவாளாம், ஆமாவா இல்லையா என்று யாருக்கும் தெரியாதாம். அடுத்த வீட்டுக்காரி தன் செருப்பு அலமாரியைக் கொண்டுவந்து எங்கள் வாசலை மறைத்து வைத்தாள். அம்மா அதைச் சுற்றிக்கொண்டு நடந்தாள். அப்பாவின் அக்கா, எங்கள் அத்தை, மாதம் ஒரு முறை வந்து எங்கள் வீட்டுச் சமையலறையில் நின்றுகொண்டு அம்மாவுக்குக் குழம்பு வைக்கக் கற்றுக்கொடுப்பாள். அம்மா ஒவ்வொரு முறையும் கற்றுக்கொள்வாள். அப்பா ஒரு அரிசிக் கடைக்கு லாரி ஓட்டினார். வீட்டில் இருக்கும் நேரம் கொஞ்சம், பேசுவது அதைவிடக் கொஞ்சம்.

இப்படி இருந்தவளை பெக்டரிக் கூட்டாளி ஒருத்தி ஒரு ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குக் கூட்டிப்போனாள். டத்தோ கெராமாட் ரோட்டுப் பக்கம், கீழே டயர் கடை, மேலே ஒரு நீளமான அறை. காலையில் பெரியவர்களுக்கு, மதியத்துக்குமேல் பள்ளிப் பிள்ளைகளுக்கு. தன்னம்பிக்கை, நற்பண்பு, மேடைப் பேச்சு என்று வாசலில் எழுதியிருந்தது. நடத்தியவர் யாழ்ப்பாணக் குடும்பம், அரசாங்க ஆபீசில் பெரிய கிளார்க்காக இருந்து ரிட்டயர் ஆனவர். வெள்ளை முழுக்கைச் சட்டை, பையில் பேனா. எல்லாரும் அவரை சார் என்றுதான் கூப்பிட்டோம். அவரை மோசடிக்காரர் என்று எழுத எனக்கு ஆசைதான். ஆனால் அவர் யாரையும் ஏமாற்றவில்லை. டயர் ரப்பர் நாற்றத்தில் ஞாயிற்றுக்கிழமை முழுக்க நின்றுகொண்டு, எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடம்கூட "நீங்கள்" என்றே பேசினார். தான் செய்வது நல்லது என்று முழுதாக நம்பினார். அப்படி நம்புகிறவர்களிடம் மாட்டிக்கொண்டால் தப்புவது கஷ்டம்.

சாரின் வகுப்பில் மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை பெரியவர்களும் பிள்ளைகளும் சேர்ந்து உட்கார வேண்டும். அன்றைக்கு வெட்கத்தை உடைக்கும் நாள். தான் மறைத்துவைத்திருக்கிற ஒன்றை ஒவ்வொருவரும் எல்லாருக்கும் முன்னால் சொல்ல வேண்டும். "மறைத்து வைத்தால்தான் அது வெட்கம். சொல்லிவிட்டால் அது வெறும் செய்தி" என்பது சாரின் பேச்சு.

நான் முதல்முதலாக அந்த நாளுக்குப் போனபோது, தமிழ்ப்பள்ளி முடித்தவர்களை ஒரு வருடம் உட்காரவைக்கிற ரிமூவ் வகுப்பில் இருந்தேன். மலாய் இடைநிலைப்பள்ளிக்கு மாறி சில மாதங்கள் ஆகியிருந்தன. புதுப் பள்ளியில் என் பழைய கதை யாருக்கும் தெரியாது. அதுதான் எனக்கிருந்த ஒரே நிம்மதி. அறையில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தேன். பக்கத்தில் என் பள்ளிப் பையன்கள் இரண்டு பேர் இருந்தார்கள்.

ஒரு லாரி அட்டெண்டன்ட் எழுந்து தனக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது என்றார். ஒரு பெண், தன் புருசன் சிங்கப்பூரில் வேலை செய்வதாகச் சொல்வதெல்லாம் பொய், விட்டுவிட்டுப் போய்விட்டான் என்றாள். எல்லாரும் கைதட்டினார்கள். அப்புறம் அம்மா. நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்கு அவளை நினைத்துப் பாவமாகத்தான் இருந்தது.

"எனக்கு ஒரு பொண்ணு இருக்கா" என்று ஆரம்பித்தாள்.

"உரத்துச் சொல்லுங்கோ" என்றார் சார்.

"எனக்கு ஒரு பொண்ணு இருக்கா. அவ நாலாம் வகுப்பு படிக்கிறப்போ..."

முழுதாகச் சொன்னாள். டீச்சர் ரோத்தானால் தட்டியது, பக்கத்துப் பெண் காலைத் தூக்கிக்கொண்டது, தான் பினாபோரைத் துவைக்கும்போது அடித்த நாற்றம், எல்லாம். சொல்லச் சொல்ல நாற்காலியை விட்டுவிட்டாள். முதுகு நிமிர்ந்தது. குரல் கடைசி வரிசைவரைக்கும் போனது. அப்படி ஒரு குரல் அவளுக்குள் இருந்தது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. கைதட்டல் அடங்கியதும் சார் சொன்னார், "இன்றைக்கு இவருடைய பயம் போய்விட்டது. பாருங்கோ முகத்தை."

எல்லாரும் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். நிஜமாகவே போயிருந்தது. தன் வெட்கத்தைச் சொல்ல வேண்டிய இடத்தில் என் வெட்கத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு, அவள் லேசாகிவிட்டாள். பக்கத்தில் இருந்த பையன்கள் என்னிடமிருந்து கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

திரும்பும் வழியில் ஒரு கடையில் எனக்கு ஐஸ் கச்சாங் வாங்கிக் கொடுத்தாள். நான் தொடவில்லை.

"சொல்ல மாட்டேன்னு சொன்னியேம்மா."

"சார் சொன்னாருலா. மறைச்சாத்தான் அசிங்கம். சொல்லிட்டா போயிரும்."

"உனக்குப் போயிருச்சு."

ஐஸ் கரைந்து நீராகும்வரை உட்கார்ந்திருந்தோம். பிறகு அவளே அதைக் குடித்தாள், வீணாகக் கூடாது என்று.

திங்கட்கிழமை பள்ளியில் நான் வகுப்புக்குள் நுழைந்ததும் பின்னால் இருந்து 'உஸ்ஸ்' என்று சத்தம் வந்தது. இடைவேளைக்குள் அந்தப் பையன்கள் மலாய்ப் பிள்ளைகளுக்கும் சீனப் பிள்ளைகளுக்கும் விளக்கிச் சொல்லியிருந்தார்கள். அதற்குப் பிறகு அந்தச் சத்தம் மூன்று இனத்துக்கும் பொதுவாகிவிட்டது. கழிப்பறைக்குப் போக கையைத் தூக்குவதை நான் நிறுத்தினேன். பள்ளியில் தண்ணீர் குடிப்பதையும் நிறுத்தினேன்.

அம்மா மாறிக்கொண்டே போனாள். அடுத்த வீட்டுக் கதவைத் தட்டி, "அலமாரிய எடுங்க அக்கா, இல்லன்னா நான் எடுத்துக் கீழ வெச்சிருவேன்" என்றாள். அன்று சாயங்காலமே எடுத்துவிட்டார்கள். அத்தை குழம்பு வைக்கக் கற்றுக்கொடுக்க வந்தபோது, "நீங்க உங்க வீட்டுல வைங்க. இங்க நான் வைக்கிறேன்" என்றாள். அத்தை காப்பியைக்கூடக் குடிக்காமல் போனாள். எனக்கு அதைப் பார்க்க சந்தோசமாகத்தான் இருந்தது, மறுக்க மாட்டேன். பெக்டரியில் லைன் லீடர் ஆனாள். அங்கே கழிப்பறைக்குப் போக வேண்டும் என்றால் கையைத் தூக்கிக்கொண்டு காத்திருக்க வேண்டுமாம். ஒரு மீட்டிங்கில் எழுந்து, மேனேஜரிடம் அரைகுறை மலாயில் அதைக் கேட்டிருக்கிறாள். பொம்பளைப் பிள்ளைகளை இப்படி அடக்கிவைத்தால் வியாதி வரும், அவமானமும் வரும் என்று சொல்லியிருக்கிறாள். கையைத் தூக்கும் முறையை எடுத்துவிட்டார்கள். அந்தப் பெண்கள் அம்மாவை இன்றைக்கும் தெய்வமாக நினைக்கிறார்கள். நினைக்கட்டும். அவர்களுக்காகப் பேசிய அதே வாய் அந்த வார ஞாயிற்றுக்கிழமையே பாலிக் புலாவ் பக்கம் ஒரு மண்டபத்தில் என் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தது.

ஏனென்றால் சார் அம்மாவைப் பேச்சாளராக்கிவிட்டார். வகுப்பு இப்போது ஊர் ஊராகப் போனது. தமிழ்ப்பள்ளி, கோயில் மண்டபம், எஸ்டேட்டுப் பக்கத்து இளைஞர் மன்றம். முதலில் சார் ஒரு மணி நேரம் பேசுவார். நிமிர்ந்து நிற்பது, கண்ணைப் பார்ப்பது, பெற்றோரை மதிப்பது, பொய் சொல்லாமல் இருப்பது. கூட்டம் நெளிய ஆரம்பிக்கும் நேரத்தில் அம்மா எழுவாள். பெக்டரிப் பொம்பளை, சாதாரண சேலை, நம் வீட்டுப் பேச்சு. எல்லாரும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

கதை வளர்ந்தது. அன்றைக்குச் சாயங்காலம் என்னைக் கட்டிக்கொண்டு அழுததாகச் சேர்த்துக்கொண்டாள். அழவில்லை. தினமும் காலையில் என்னைக் கண்ணாடி முன்னால் நிறுத்திப் பேசவைத்ததாகச் சேர்த்துக்கொண்டாள். காலையில் அவள் வீட்டிலேயே இருக்க மாட்டாள், பெக்டரி பஸ் இருட்டோடு வந்துவிடும். கடைசியில், இப்போது என் மகள் பேச்சுப் போட்டியில் கப் வாங்குகிறாள் என்று முடித்தாள். நான் எந்தப் போட்டிக்கும் பேர் கொடுத்ததில்லை.

பேச்சு முடிந்ததும், "வா பாப்பா" என்று கூப்பிடுவாள். நான் போய் நின்று, சார் எழுதிக்கொடுத்த உறுதிமொழியைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். என்னால் முடியும், நான் உண்மையே பேசுவேன், பெற்றோருக்குப் பெருமை சேர்ப்பேன் என்று போகும். கூட்டத்தில் இருக்கிற பிள்ளைகள் திருப்பிச் சொல்லுவார்கள். நான் எப்படிச் சொன்னேன் என்றால், யாரையும் பார்க்காமல், பின்சுவரைப் பார்த்துக்கொண்டு கத்தினேன். அது தைரியம் மாதிரி இருந்ததாம். ஒவ்வொரு ஊரிலும் ஒரே மாதிரிதான் நடக்கும். பிள்ளைகள் முதலில் என் முகத்தைப் பார்ப்பார்கள், பிறகு இடுப்புக்குக் கீழே பார்ப்பார்கள்.

ஒரு நாள் அப்பா தனியாக இருக்கும்போது கேட்டேன். "அம்மாவ நிறுத்தச் சொல்லுங்கப்பா."

அப்பா லாரிச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தார். "இத்தனை வருசத்துக்கு இப்பதான் அவ வாயத் தொறந்து பேசறா. விடு."

"என்னைப் பத்தித்தானேப்பா பேசறா."

"வேற யாரப் பத்திப் பேசுவா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் மூன்றாம் படிவத்தில் இருந்தபோது சுங்கை பாக்காப் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளியில் கூட்டம். எஸ்.ஆர்.பி. அரசாங்கப் பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. படிக்க வேண்டும் என்று சொல்லிப் பார்த்தேன். "ஒரு சனிக்கிழமைல என்னா கெட்டுரும்" என்றாள் அம்மா. சாரின் பழைய காரில் பெர்ரி ஏறிப் போனோம். மண்டபத்தில் எஸ்டேட்டுப் பிள்ளைகள் தரையில், அம்மாக்கள் பின்னால் பெஞ்சில். மின்விசிறி ஒன்று மட்டும் சுற்றியது.

எதையும் திட்டம்போட்டுக்கொண்டு நான் போகவில்லை. அம்மா வழக்கம்போலச் சொல்லிக்கொண்டு வந்தாள். ரோத்தான், பெஞ்சு, நாற்றம், கண்ணாடி. சின்னப் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அம்மா அதற்குக் கொஞ்சம் இடைவெளி விட்டாள். சிரிப்பு வரும் இடம் அவளுக்குத் தெரிந்திருந்தது. பிறகு பேச்சுப் போட்டிக்கு வந்தாள். இந்த முறை கப் மாநில அளவுக்குப் போயிருந்தது.

நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"நான் எந்தப் போட்டியிலயும் பேசினது இல்ல" என்றேன். குரல் உடைந்துதான் வந்தது. "அம்மா சொல்றது பொய். எனக்கு இன்னும் பயமாத்தான் இருக்கு. கிளாஸ்ல எழுந்து நின்னா இன்னும் கால் நடுங்குது. யாரும் என்னைக் கண்ணாடி முன்னால நிறுத்தல."

தலைமையாசிரியர் சாரைப் பார்த்தார். சார் தரையைப் பார்த்தார். அம்மாவின் முகத்தில் பழைய அம்மா வந்தாள், தலையை ஆட்டுகிறவள், அலமாரியைச் சுற்றிக்கொண்டு நடக்கிறவள். நான் ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

பிறகு அம்மா சிரித்தாள். கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள்.

"பாத்தீங்களா" என்றாள் மெதுவாக. "நாலாம் வகுப்புல ஒரு வரி வாசிக்க முடியாம நின்ன பொண்ணு. இன்னிக்கு இத்தன பேர் முன்னால பெத்தவளையே எதிர்த்துப் பேசறா. இதுக்குமேல நான் என்னாங்க சொல்றது. கப்ப விடுங்க. எனக்கு இதான் கப்பு."

அப்படி ஒரு கைதட்டலை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. பின் பெஞ்சில் அம்மாக்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். சாரே கைக்குட்டையை எடுத்தார். நான் நின்றுகொண்டே இருந்தேன். நான் சொன்ன ஒரே உண்மையையும் அவள் எடுத்துக்கொண்டுவிட்டாள். இனிமேல் என்னிடம் சொல்ல எதுவும் பாக்கி இல்லை.

வெளியே போய் மண்டபத்துப் படிக்கட்டில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பள்ளி டீச்சர் ஒருவர் சிராப் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். இளம் வயசு, நல்ல முகம். என் பக்கத்தில் உட்கார்ந்து, "நல்லா நடிச்சம்மா. நெஜம் மாதிரியே இருந்துச்சு. எத்தன நாள் பிராக்டிஸ் பண்ணீங்க?" என்றார். நான் கிளாஸை அவர் கையில் திருப்பிக் கொடுத்தேன்.

திரும்பும்போது பட்டர்வொர்த்தில் பெர்ரிக்குக் காத்திருந்தபோது சார் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து, "பிள்ளை, நீ எழும்பிச் சொன்னாய் அல்லவா, அது மிக நன்றாக அமைந்துவிட்டது. அடுத்த பள்ளியிலும் வைத்துக்கொள்ளலாம்" என்றார். அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வேண்டாம் என்று அவள் சொல்வாள் என்று பெர்ரி கரை சேரும்வரை காத்திருந்தேன். சொல்லவில்லை.

மறுநாள் சமையலறையில் அவள் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் எதிரில் போய் நின்றேன்.

"இனிமே நான் வரமாட்டேன். நீயும் என் கதைய சொல்லக்கூடாது."

"உன் கதைன்னு தனியா என்னா. அது நம்ம வீட்டுக் கதைலா. எத்தன புள்ளைங்களுக்குப் புத்தி வருது தெரியுமா."

"அப்ப உன் கதைய சொல்லு. உனக்கு வெக்கமா இருந்தது ஒண்ணுகூட இல்லையா?"

அவள் நெத்திலித் தலையைக் கிள்ளிக் கிள்ளித் தட்டில் போட்டாள். குனிந்தபடியே, "இருக்கு" என்றாள்.

"என்னா?"

"அது நடந்ததுக்கு அடுத்த நாளு நான் உன் ஸ்கூலுக்குப் போனேன். லீவு போட்டுட்டு. உனக்குத் தெரியாது. புள்ளைய ஏம்மா அப்படி நிக்க வெச்சீங்கன்னு கேக்கலாம்னுதான் போனேன். அந்த டீச்சரு, ஆபீஸ்ல அத்தன பேர் முன்னால, இப்படித்தான் புள்ள வளப்பீங்களான்னு கேட்டுச்சு. கழுவித் தொடைக்க வந்தீங்களான்னு கேட்டுச்சு. நான் ஒண்ணுமே பேசல. சரிங்க டீச்சர்னு சொல்லிட்டு வந்துட்டேன். துணி குடுத்தாங்க, புள்ளைங்க கிளாஸ்ல இல்லாத நேரமா பாத்து நீ நின்ன எடத்தத் தொடச்சிட்டு வந்தேன்."

எனக்கு அது தெரியாது. அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஆனாலும் கேட்டேன்.

"அப்ப அதைச் சொல்லு மேடையில. அதானே நெஜம்."

அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் ஏதோ கெட்ட வார்த்தை பேசிவிட்டதைப் போலப் பார்த்தாள். "அத எப்படிடி நாலு பேர் முன்னால சொல்றது. அசிங்கமா இருக்காது?"

"என்னோடது மட்டும்?"

அவள் மறுபடியும் குனிந்து நெத்திலியை எடுத்தாள். எனக்கு ஒரு நிமிடம் முன்னால் வந்த இரக்கம் முழுக்க வற்றிப்போய்விட்டது. அவளுக்கும் தெரிந்திருக்கிறது, சொன்னால் போய்விடாது என்று. தன்னுடையதை அவள் ஒருமுறைகூடச் சொல்லிப் பார்க்கவில்லை. தெரிந்துகொண்டேதான் என்னுடையதை ஊர் ஊராகக் கொண்டுபோயிருக்கிறாள்.

அதற்குப் பிறகு நான் எந்தக் கூட்டத்துக்கும் போகவில்லை. அவள் நான் இல்லாமலே சொன்னாள். சுங்கை பாக்காப்பில் நான் எழுந்து நின்றதையும் கதையில் சேர்த்துக்கொண்டாள் என்று பிறகு கேள்விப்பட்டேன். வீட்டில் பேசுவதே இல்லை என்று இல்லை. சாப்பிடு, கதவைப் பூட்டு, தண்ணி பிடித்தாயா என்று பேசிக்கொண்டோம். ஐந்தாம் படிவத்தோடு பள்ளியை முடித்ததும் பீச் ஸ்ட்ரீட்டில் ஒரு இன்சூரன்ஸ் ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தேன்.

நான் பேசக் கற்றுக்கொண்டது அங்கேதான். டெலிபோனில். எதிரில் யாரும் இல்லை, என் காலை யாரும் பார்க்க முடியாது. முதலில் வார்த்தையை எழுதிவைத்துக்கொண்டு பேசினேன். பிறகு எழுதாமல் பேசினேன். கோபமாகக் கத்துகிற ஆட்களிடம் பொறுமையாகப் பேச முடிந்தது. ஒரு நாள் போனை வைத்துவிட்டுக் கவுன்டருக்கு வந்த ஒருவரிடம் அதே குரலில் பேசிக்கொண்டிருப்பதைக் கவனித்தேன். யாரும் கைதட்டவில்லை. யாருக்கும் அது தெரியக்கூடத் தெரியாது. எனக்கு அதுதான் பிடித்திருந்தது.

சில வருடம் கழித்து, தொண்ணூறுகளின் ஆரம்பத்தில், ஆபீசுக்குப் புதிதாக ஒரு பெண் வந்தாள். எஸ்டேட்டுப் பக்கத்துப் பிள்ளை, துறுதுறுவென்று இருப்பாள். காப்பி கலக்கும் இடத்தில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நீங்க எங்க ஸ்கூலுக்கு வந்திருக்கீங்கதானே? உங்கம்மாகூட."

"இல்ல, நான் இல்ல."

"நீங்கதான்கா. நாலாம் வகுப்புல... அப்புறம் எழுந்து பயமா இருக்குன்னு சொன்னீங்களே. எனக்கு அப்ப பேச்சு திக்கும்கா. இவ்ளோ பெரிய அக்காவுக்கே பயமா இருக்குதுன்னா நம்மளுக்கு இருந்தா என்னான்னு தோணுச்சு. அதுலேருந்துதான்கா பேசினேன்."

நல்ல மனசோடுதான் சொன்னாள். சத்தமாகவும் சொன்னாள். காப்பிக்கு வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். "நாலாம் வகுப்புல என்னா?" என்று ஒருத்தி கேட்டாள். மதியத்துக்குள் ஆபீசுக்கே தெரிந்துவிட்டது. அந்தப் பெண்ணிடம் நான் அதற்குப் பிறகு வேலை விஷயம் தவிர எதுவும் பேசவில்லை. அவளுக்கு நல்லது நடந்ததற்கு நான் சந்தோசப்பட வேண்டும் என்று பலர் சொல்லலாம். அந்த நல்லதுக்கு என்னை யாரும் கேட்கவில்லை.

கல்யாணம் நிச்சயமானபோது நான் அம்மாவிடம் ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன். அப்போது சார் தளர்ந்துவிட்டார், வகுப்பை அம்மாதான் நடத்திக்கொண்டிருந்தாள். எந்த விசேஷத்துக்குப் போனாலும் கடைசியில் யாராவது மைக்கை அவள் கையில் கொடுத்துவிடுவார்கள்.

"மைக்க எடுத்தா என்னைப் பத்தி ஒரு வார்த்தை வரக்கூடாது" என்றேன். "வந்துச்சுன்னா மாலையக் கழட்டி வெச்சுட்டு எறங்கிப் போயிருவேன். போனா திரும்பி வரமாட்டேன்."

"உன் கல்யாணத்துல உன்னைப் பத்திப் பேசாம வேற யாரப் பத்திப் பேசறது."

"யாரப் பத்தியும் பேசாத."

மாப்பிள்ளைக்கு எல்லாம் தெரியும். நானே சொல்லியிருந்தேன், இரண்டே வரியில். அவர் அதை யாரிடமும் சொல்லவில்லை. நற்பண்பு என்று ஒன்று இருந்தால் எனக்கு அதற்குமேல் வேண்டியதில்லை.

மண்டபத்தில் தாலி கட்டி முடிந்து, சொந்தக்காரர்கள் வரிசையாக வந்து அட்சதை போட்டுவிட்டுப் போனார்கள். நினைத்த மாதிரியே ஒரு மாமா மைக்கை எடுத்து, "இப்ப பொண்ணோட அம்மா ரெண்டு வார்த்தை பேசுவாங்க" என்றார். பெக்டரிப் பெண்கள் முன்வரிசைக்கு வந்து உட்கார்ந்தார்கள். அம்மா மைக்கை வாங்கி விரலால் தட்டிப் பார்த்தாள். முதுகு நிமிர்ந்தது. மூச்சை இழுத்தாள். அந்த மூச்சு எனக்குத் தெரியும், அதற்கு அடுத்த வார்த்தை என்ன என்றும் தெரியும்.

அவள் என் பக்கம் திரும்பினாள். நான் மாலையில் கையை வைத்தேன். மாப்பிள்ளை என் கையைப் பார்த்தார், அம்மாவும் பார்த்தாள்.

"வந்தவங்க எல்லாருக்கும் நன்றி" என்றாள். "சாப்பாடு மேல் மாடியில. படி கொஞ்சம் செங்குத்தா இருக்கு, பெரியவங்க பாத்து ஏறுங்க."

மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். இன்னும் ஏதாவது வரும் என்று சிலர் உட்கார்ந்தே இருந்தார்கள். "என்னா, இன்னிக்கு இவ்ளோதானா" என்று அத்தை பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டது எனக்குக் கேட்டது. அம்மா பின்பக்கமாகப் படியேறிச் சாதம் போதுமா என்று பார்க்கப் போனாள். நான் மாலையிலிருந்து கையை எடுத்தேன்.

அதைப் பற்றி நாங்கள் இருவரும் இதுவரை பேசியதில்லை. அவள் அன்றைக்குச் சொல்லாமல் விட்டது என்மேல் உள்ள பிரியத்தாலா, என் மிரட்டலுக்குப் பயந்தா என்று நான் கேட்டதும் இல்லை. பயந்துதான் என்றால் எனக்கு அதுவே போதும்.